எல்.எல்.ஆர். வைத்து வீட்டுக் காரில் பழகுவதா? எந்த இன்சூரன்ஸ் தாங்கும்?

தங்கை போனில் கேட்டது ஒரே கேள்விதான். "பொண்ணுக்கு எல்.எல்.ஆர். வந்துடுச்சு அண்ணா. டிரைவிங் ஸ்கூலுக்கு எதுக்குக் காசு, நம்ம கார்லயே பழகட்டும்னு பாக்கறோம். இன்சூரன்ஸ் இருக்கில்ல?"

இருக்கும் என்றேன். புதிதாக வாங்கிய கார், இன்னும் இரண்டு வருடம்கூட முடியவில்லை. மறுநாள் பாலிசியை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் பார்த்தபோதுதான், இருப்பது பாதி என்று தெரிந்தது. புதுக் காருக்கு மூன்று ஆண்டுக்கான தேர்டு பார்ட்டி காப்பீட்டை (நம் காரால் அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கானது) மொத்தமாக எடுத்தாக வேண்டும் என்பது 2018 செப்டம்பரிலிருந்து உள்ள விதி. நம் காருக்கு ஆகும் சேதத்துக்கான பகுதியை (சொந்தச் சேதம்) மட்டும் ஓராண்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். தங்கை வீட்டில் அப்படித்தான் எடுத்திருந்தார்கள். 'மூன்று வருஷத்துக்குக் கட்டியாச்சு' என்பது மட்டும் மனதில் நின்றுவிட்டது. அந்த ஓராண்டுப் பகுதி முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

புதுக் கார் வாங்கியவர்கள் முதலில் இந்த ஒரு தேதியைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எல்.எல்.ஆர். என்றால் கிளெய்ம் வராதா?

வரும். "எல்.எல்.ஆர். வைத்து ஓட்டினால் இன்சூரன்ஸ் செல்லாது" என்று விவரம் தெரிந்தவர்கள்கூடச் சொல்கிறார்கள். தனியார் கார் பாலிசியில் 'ஓட்டுநர்' என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யாரும் ஓட்டலாம் என்று முதலில் இருக்கும். அதையடுத்து, பழகுநர் உரிமம் (அதாவது எல்.எல்.ஆர்.) உள்ளவரும் ஓட்டலாம், ஆனால் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3-ஆவது விதியைப் பின்பற்றியிருக்க வேண்டும் என்று இருக்கும். எந்த நிறுவனத்தின் பாலிசியாக இருந்தாலும் ஏறக்குறைய இதே வாசகம்தான்.

அந்த 3-ஆவது விதி என்ன கேட்கிறது? எல்.எல்.ஆர். காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். அதன் ஆயுள் ஆறு மாதம். அந்த வகை வண்டியை ஓட்டும் லைசென்ஸ் உள்ள ஒருவர் கூடவே இருக்க வேண்டும், அதுவும் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து தெரிய வேண்டும். அட்டை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது, எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது.

இதில் பலர் தவறுவது இரண்டாவதில். அப்பா பின் சீட்டில் உட்கார்ந்து "மெதுவாப் போ, மெதுவாப் போ" என்று சொல்லிக்கொண்டிருந்தால் போதாது. அவர் கை ஹேண்ட்பிரேக்குக்கு எட்ட வேண்டும். பக்கத்து சீட்டில் இருப்பது கார் லைசென்ஸே இல்லாத அம்மா என்றால் அதுவும் கணக்கில் வராது. மருமகள் இன்னொரு கேள்வி கேட்டாள்: "எங்கிட்ட ஸ்கூட்டர் லைசென்ஸ் இருக்கே மாமா, அது போதாதா?" போதாது. ஸ்கூட்டர் லைசென்ஸ் ஸ்கூட்டருக்கு மட்டும்தான். காரைப் பொறுத்தவரை அவள் கையில் இருப்பது எல்.எல்.ஆர். ஒன்றுதான்.

உச்ச நீதிமன்றமும் இதில் தெளிவாகப் பேசியிருக்கிறது. 2004 ஜனவரியில் வந்த சுவரண் சிங் வழக்குத் தீர்ப்பில், எல்.எல்.ஆர். உள்ளவர் ஓட்டி விபத்து நடந்தாலும் பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தர வேண்டும் என்று மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது. லைசென்ஸ் விஷயத்தில் குறை இருந்தால், வண்டிச் சொந்தக்காரர் தெரிந்தே விதியை மீறினார், அந்த மீறல் விபத்துக்கே காரணமாக இருந்தது என்று நிரூபிக்கும் வேலை நிறுவனத்துடையது. நிரூபித்துவிட்டால், அடிபட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலிக்கச் சொல்வதுண்டு. அதாவது, பக்கத்தில் ஆள் இல்லாமல் பெண் தனியாக எடுத்துப் போய் யார் மீதாவது மோதினால், அவருக்கு இழப்பீடு கிடைக்க வழியிருக்கிறது. பில் மட்டும் அப்பா பெயருக்குத் திரும்பி வரலாம்.

நம் கார் சேதத்துக்கான கிளெய்மில் இந்தத் தயவு கிடையாது. அது நமக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். பாலிசியில் போட்ட நிபந்தனையை மீறினால் நிராகரிப்புக் கடிதம் வரும். போலீஸ் அபராதம் வேறு: லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு 5,000 ரூபாய், ஓட்ட விட்ட சொந்தக்காரருக்கும் 5,000 ரூபாய். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை என்றால் கணக்கே வேறு. பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

டிரைவிங் ஸ்கூல் கார் மட்டும்

வீட்டுக் காரைத் தொடவே வேண்டாம், லைசென்ஸ் வரும்வரை ஸ்கூல் காரிலேயே பழகட்டும் என்பது ஒரு வழி. பயிற்சிப் பள்ளி காரில் கற்றுத் தருபவர் பக்கத்திலும் பிரேக், கிளட்ச் இருக்க வேண்டும் என்பது விதி. பிரேக்கை அழுத்த வேண்டிய நேரத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்திவிடுவது பழகும்போது நடக்கக்கூடியதுதான். அதற்கு எந்த பாலிசியையும்விட அந்த இரண்டாவது பிரேக் பெரிய காப்பு. கார் சேதமானால் அது ஸ்கூலின் தலைவலி.

சேரும்முன் அந்த காரின் இன்சூரன்ஸ் நகலைக் கேளுங்கள். பயிற்சிக்குப் பயன்படும் வாகனம் என்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சொந்த உபயோக காருக்கான பாலிசியை வைத்துக்கொண்டு காசு வாங்கிப் பயிற்சி தருபவர்களும் உண்டு. அதில் வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டக் கூடாது என்ற தடை இருக்கும்.

இந்த வழியின் குறை இன்சூரன்ஸில் இல்லை. எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் ஆன பிறகுதான் டெஸ்டுக்குப் போக முடியும். ஸ்கூல் வகுப்போ அதற்குள் முடிந்துவிடும். நடுவில் கை விட்டுப்போகும். அதைவிட, அடுத்தவர் காலில் பிரேக் இருந்த தைரியத்தில் ஓட்டியவர்கள், லைசென்ஸ் வாங்கியபின் வீட்டுக் காரைத் தொடப் பயப்படுவதைப் பார்த்திருக்கிறேன். என் மனைவியே அப்படித்தான். லைசென்ஸ் வாங்கி நான்கு வருடம் கழித்துத்தான் தனியாக ஓட்டினாள்.

தேர்டு பார்ட்டி மட்டும் போதுமா?

தங்கை வீட்டில் அன்றைக்கு இருந்தது இதுதான். சட்டப்படி சாலையில் காரை எடுக்க இது போதும். விலையும் குறைவு. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி ஓராண்டுக்கு 1,000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416, அதற்கு மேல் 7,897. வரி தனி. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் ஒரே கட்டணம்.

வெளியில் உள்ள ஒருவருக்கு உயிரிழப்போ காயமோ ஏற்பட்டால் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இல்லை. அடுத்தவர் வண்டி, சுவர், கடை முகப்பு போன்றவற்றுக்கு ஏழரை லட்சம் ரூபாய் வரை. இது நல்ல காப்புத்தான், குறை சொல்ல முடியாது. பத்து வருடம் ஓடிய பழைய கார், சேதமானால் நாமே பார்த்துக்கொள்கிறோம் என்று முடிவு செய்தவர்களுக்குப் பொருத்தமும்கூட.

ஆனால் காருக்குள்ளே இருப்பவர்கள்? இங்கேதான் நான் நீண்ட நேரம் நின்றேன். தேர்டு பார்ட்டி என்றால் காரில் நம்மைத் தவிர எல்லாரும் அதில் அடக்கம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. தனியார் காரில் சும்மா கூட வருபவர், சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் அந்தக் குறைந்தபட்ச பாலிசியில் வரமாட்டார். 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிசியில் அவர் வருவார். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பரில் சுற்றறிக்கையாகவே இதைத் தெளிவுபடுத்தியது. உச்ச நீதிமன்றம் 2012-இல் அதை ஏற்றுக்கொண்டது.

இப்போது எல்.எல்.ஆர். விதியோடு சேர்த்துப் பாருங்கள். பழகுபவர் பக்கத்தில் ஒருவர் கட்டாயம் உட்கார வேண்டும் என்கிறது விதி. தேர்டு பார்ட்டி மட்டும் உள்ள காரில், பழகுபவரின் தவறால் விபத்து நடந்தால், அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் காப்பு இல்லை. பெரியப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன் என்று யாரோ ஒருவர் நமக்கு உதவி செய்ய வந்து உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கை கால் முறிந்தால் இழப்பீடு நம் பையிலிருந்துதான். பழகுபவர் உள்ள வீட்டில் தேர்டு பார்ட்டி மட்டும் போதாது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இது. கார் சேதம் எல்லாம் இரண்டாவதுதான்.

பேக்கேஜ் எடுத்தாலும் யார் வெளியே நிற்கிறார்கள்?

பேக்கேஜ் பாலிசியில் கார் சேதம், பக்கத்து சீட் ஆள், வெளியாள் எல்லாம் வந்துவிடுகின்றன. வராதது ஸ்டியரிங் பிடித்திருக்கும் பெண்தான்.

வண்டிச் சொந்தக்காரருக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு கட்டாயம். பாலிசியில் பெயர் உள்ள, ஆர்.சி.யிலும் பெயர் உள்ள, லைசென்ஸ் உள்ள சொந்தக்காரருக்குத்தான் அது. கார் அப்பா பெயரில் இருந்தால் அப்பாவுக்கு மட்டும். அவர் ஓட்டாமல் ஓட்டுநர் பக்கத்தில் பயணம் செய்தாலும் அவருக்கு உண்டு, அது ஒரு ஆறுதல். உயிரிழப்பு, கை கால் அல்லது கண் இழப்பு, நிரந்தர முழு ஊனம் ஆகியவற்றுக்கு மட்டுமே பணம் வரும். எலும்பு முறிந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்த செலவுக்கு வராது.

மகள் அதில் இல்லை. அவள் தவறாக ஓட்டி அவளுக்கே அடிபட்டால், மூன்றாம் நபர் என்று கேட்கவும் வழியில்லை. அடுத்தவர் வண்டியை வாங்கி ஓட்டுபவர் சொந்தக்காரரின் இடத்தில் நிற்கிறார் என்று 2009-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக அவளுக்கு இரண்டு ஏற்பாடு வேண்டும். ஒன்று, பாலிசியிலேயே பெயர் குறிப்பிட்டு எடுக்கும் தனிநபர் விபத்துக் காப்பு அல்லது தனியாக ஒரு விபத்து பாலிசி. தனி பாலிசி எடுத்தால் எந்தக் காரை ஓட்டினாலும், பஸ்ஸில் போனாலும்கூடச் செல்லும் என்பதால் எனக்கு அதுதான் பிடித்தது. இன்னொன்று, ஆஸ்பத்திரிச் செலவுக்கு மருத்துவக் காப்பீடு. குடும்ப பாலிசியில் பிள்ளைக்கு வயது வரம்பு தாண்டிப் பெயர் நீங்கிவிட்டதா என்று ஒருமுறை பாருங்கள்.

பம்பர் டு பம்பர்: எடுக்கலாமா, வேண்டாமா?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். தேய்மானம் கழிக்காமல் முழுப் பணமும் தரும் கூடுதல் காப்பு. புதிதாகப் பழகுபவர்கள் இடிப்பது பெரும்பாலும் பம்பரை. பம்பர் பிளாஸ்டிக். சாதாரண பேக்கேஜில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குக் காரின் வயது எதுவானாலும் 50 சதவீதம் கழிப்பார்கள். உலோகப் பாகத்துக்கு வயதைப் பொறுத்துக் கழிவு, முதல் ஆறு மாதம் ஒன்றுமில்லை, இரண்டாம் ஆண்டில் 10 சதவீதம், ஐந்து ஆண்டு தாண்டினால் 40. கண்ணாடிக்குக் கழிவு கிடையாது. இதைக் கேட்டால் பழகுபவருக்கு பம்பர் டு பம்பர்தான் சரி என்று தோன்றும். அவசரப்படாதீர்கள், நோ கிளெய்ம் போனஸையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

கிளெய்ம் இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறும். ஒரு கிளெய்ம் போட்டால் பூஜ்யம்.

என் காரை எடுத்துக்கொள்வோம். எனக்கு 45 சதவீதம் இருக்கிறது, அடுத்த ஆண்டு 50 ஆகும். தள்ளுபடிக்கு முந்தைய பிரீமியம் 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த ஐந்து ஆண்டில் நான் இழப்பது முறையே 50, 30, 25, 15, 5 சதவீதம். கூட்டினால் 125 சதவீதம், அதாவது 15,000 ரூபாய். பம்பர் மாற்ற 8,000, பெயின்ட் 4,000, கூலி 1,000 என்று 13,000 ரூபாய் பில் வந்தால், பம்பர் டு பம்பர் இருந்தாலும் ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 போக 12,000தான் கிடைக்கும். சாதாரண பேக்கேஜ் என்றால் ஏழாயிரம், எட்டாயிரம். இரண்டிலுமே கிளெய்ம் போடுவது நஷ்டம்.

தங்கையின் காருக்கு அந்தக் கவலை இல்லை. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காததால் அவர்களுடைய போனஸ் ஏற்கெனவே போய்விட்டது. பூஜ்யத்தில் இருப்பவர் கிளெய்ம் போட்டால் அடுத்த ஐந்து ஆண்டில் இழப்பது 20, 5, 10, 10, 5. மொத்தம் பாதிப் பிரீமியம்தான். அதே 13,000 ரூபாய் பில்லுக்கு அவர்கள் கிளெய்ம் போட்டால் லாபம், நான் போட்டால் நஷ்டம்.

அதனால் என் கணிப்பு இது: போனஸ் குறைவாக உள்ள, ஐந்து வயதுக்கு உட்பட்ட கார் என்றால் பம்பர் டு பம்பர் எடுங்கள். போனஸ் 45, 50 என்று ஏறியிருந்தால், போனஸ் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்போடு சேர்த்து மட்டும் எடுங்கள், இல்லாவிட்டால் சின்ன அடிகளைக் கைக்காசில் சரிசெய்துகொள்ளுங்கள். இந்தக் கூடுதல் காப்புகளில் ஆண்டுக்கு எத்தனை கிளெய்ம் என்ற வரம்பு பெரும்பாலும் இருக்கும், அதையும் கேட்டு வையுங்கள். பிரீமியம் குறைகிறதே என்று, நாமே ஏற்கும் தொகையை விரும்பி உயர்த்தும் வசதியைப் பழகும் ஆண்டில் தொட வேண்டாம்.

பழகுவதற்கென்று ஒரு பழைய கார்

மாப்பிள்ளை, அதாவது தங்கை கணவர், சொன்ன யோசனை இது: எழுபது, எண்பதாயிரத்துக்கு ஒரு பழைய கார் வாங்கிவிட்டால் புதுக் காருக்குக் கீறல் விழாதே. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கார் கைமாறும்போது தேர்டு பார்ட்டி பகுதி மட்டும்தான் வாங்கியவருக்குத் தானாக வரும். 14 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். சொந்தச் சேதப் பகுதி, நிறுவனம் பெயரை மாற்றித் தரும்வரை வராது. விற்றவரின் போனஸ் அவரோடு போய்விடும். ஏர்பேக் இல்லாத காரில், பக்கத்து சீட்டுக்குக் காப்பும் இல்லாமல் பழகுவதற்கு எழுபதாயிரம் எதற்கு? பெண் பெயரிலேயே வாங்கினால் அந்த 15 லட்சக் காப்பு அவளுக்குக் கிடைக்கும் என்ற ஒரு நன்மை உண்டு. எல்.எல்.ஆரும் விதிப்படி இருந்தால் அதற்குச் செல்லும்.

கடைசியில் என்ன செய்தார்கள்?

முதல் பதினைந்து வகுப்பு டிரைவிங் ஸ்கூலில். தங்கை முகம் சுளித்தாள், ஆனாலும் ஒப்புக்கொண்டாள். அதற்குள் வீட்டுக் காருக்குச் சொந்தச் சேதப் பகுதியைத் தனி பாலிசியாக வாங்கினார்கள். 2019 செப்டம்பரிலிருந்து இப்படித் தனியாக வாங்க முடிகிறது. காலாவதியாகி நாளானதால் நிறுவனத்தின் ஆள் வந்து காரைச் சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்துக்கொண்டு போனார். பம்பர் டு பம்பர் சேர்த்தாயிற்று, பெண் பெயரில் விபத்து பாலிசி ஒன்றும். வாங்கிய கையோடு, தேர்டு பார்ட்டி ஓர் இடத்திலும் சொந்தச் சேதம் இன்னோர் இடத்திலும் இருப்பதால், பக்கத்து சீட்டில் உட்காருபவர் எதில் வருகிறார் என்று எழுத்தில் கேட்டு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னேன். ஏஜென்ட் வாயால் சொல்வது கிளெய்ம் நேரத்தில் உதவாது. பதில் தெளிவாக வரும்வரை பக்கத்து சீட்டில் அப்பாவைத் தவிர யாரும் உட்காரக் கூடாது என்பது ஏற்பாடு. அவருக்குத்தான் அந்த 15 லட்சம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லி வைத்தேன். ஏதாவது நடந்தால், ஓட்டியது அப்பா என்று மாற்றிச் சொல்லக் கூடாது. எல்.எல்.ஆர். செல்லும்போது பொய் எதற்கு? போலீஸ் பதிவில் ஒரு பெயர், கிளெய்ம் படிவத்தில் இன்னொரு பெயர் என்றால், நியாயமாகக் கிடைக்க வேண்டியதும் நின்றுவிடும்.

மூன்றாவது வாரம் வீட்டு கேட்டில் இடது பக்கக் கதவை உரசிவிட்டாள். போன் வந்தது. "கிளெய்ம் போடவா மாமா?" எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். பட்டறையில் 1,800 ரூபாய் கேட்டாராம். கட்டாயக் கழிவு 1,000 போனால் 800 ரூபாய்க்கு ஒரு கிளெய்ம். அப்பாவிடம் வாங்கிக்கொள் என்றேன்.